இருப்பிடம் பகிரும் செயலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டாலும், பிளம்பரை வீட்டுக்கு அழைத்தாலும், இன்று வரும் பதில் ஒன்றுதான்: “லொகேஷன் அனுப்புங்கள்.” இந்தப் பழக்கம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, சில வேளைகளில் உயிரையும் காக்கிறது. ஆயினும், நாம் எங்கே இருக்கிறோம் என்பது எளிதில் கொடுத்துவிடக்கூடிய தகவல் அன்று. யாருக்குக் கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம், எப்போது அது நிற்கும் என்ற மூன்றும் தெரிந்தபின் கொடுப்பதே முறை. கீழே உள்ள விடைகள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

இருப்பிடம் சார்ந்த சமூக ஊடகச் செயலிகள் என்று எவற்றைச் சொல்கிறோம்?

நாம் இருக்கும் இடத்தைப் பிறருக்குக் காட்டுவதையோ, அந்த இடத்தை வைத்துப் பிறரோடு நம்மை இணைப்பதையோ பணியாகக் கொண்ட எல்லாச் செயலிகளையும் இப்படிச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் லொகேஷன், கூகுள் மேப்ஸில் உள்ள இருப்பிடப் பகிர்வு, ஸ்னாப்சாட்டின் வரைபடம், இன்ஸ்டாகிராம் பதிவில் இடும் ஊர்ப்பெயர், ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா, அருகில் இருப்பவரைக் காட்டும் டிண்டர் முதலிய துணைதேடும் செயலிகள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றைச் செயலியின் பெயரால் பிரிப்பதைவிடச் செயலால் பிரிப்பதே தெளிவைத் தரும். ஓர் இடத்தை ஒரே முறை குறித்து அனுப்புவது ஒன்று. நகரும்போதெல்லாம் தொடர்ந்து காட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. ஊரறியப் பதிவிடுவது மற்றொன்று. நாம் எதையும் அனுப்பாதபோதே செயலி தானாகச் சேகரித்துக்கொள்வது நான்காவது. அதையே பலரும் கவனிப்பதில்லை.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது?

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய டாட்ஜ்பால் என்னும் சேவை, குறுஞ்செய்தி வழியாக நண்பர்களுக்கு இருப்பிடத்தைத் தெரிவித்தது. 2005-இல் கூகுள் அதை வாங்கியது, 2009-இல் மூடிவிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் கிரௌலி, சென்னையில் பிறந்த நவீன் செல்வதுரையுடன் சேர்ந்து, 2009 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகர விழாவொன்றில் ஃபோர்ஸ்கொயர் என்னும் செயலியை வெளியிட்டார். ஓரிடத்துக்கு அடிக்கடி சென்று ‘செக்-இன்’ செய்தவருக்கு, அதாவது அங்கே வந்திருப்பதைச் செயலியில் பதிந்தவருக்கு, அந்த இடத்தின் ‘மேயர்’ பட்டம் கிடைத்தது. ஃபேஸ்புக்கும் 2010-இல் இதே போன்ற வசதியைக் கொண்டுவந்தது.

அந்த ஆர்வம் சில ஆண்டுகளில் தணிந்துவிட்டது. 2009-இல் வந்த கூகுள் லாட்டிட்யூட் என்னும் இருப்பிடப் பகிர்வுச் சேவை 2013-இல் மூடப்பட்டது. ஃபோர்ஸ்கொயருக்குப் போட்டியாக இருந்த கோவாலா 2012-இல் நின்றது. ஃபோர்ஸ்கொயரின் நகர வழிகாட்டிச் செயலியும் 2024 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் 2017-இல் வேறொரு வடிவில் இதே எண்ணம் திரும்பி வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கூகுள் மேப்ஸ், ஜூனில் ஸ்னாப்சாட், அக்டோபரில் வாட்ஸ்அப் என்று மூன்றும் இருப்பிடப் பகிர்வைத் தந்தன. ஊருக்கெல்லாம் அறிவிப்பதைவிட, வேண்டிய சிலருக்கு வேண்டிய நேரம் மட்டும் தெரிவிப்பதையே மக்கள் விரும்பினார்கள் என்பதுதான் இந்த வரலாறு சொல்லும் செய்தி என்று நான் கருதுகிறேன்.

நான் இருக்கும் இடம் கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது? செயற்கைக்கோள் என்னைப் பார்க்கிறதா?

பார்ப்பதில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நேரத்தைத் தாங்கிய அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கைப்பேசி அவற்றை வாங்குகிறதே தவிர, அவற்றுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் வந்துசேர எடுத்த நேரத்தை ஒப்பிட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, இந்தியாவின் நாவிக் ஆகியவையும் இப்படியே இயங்குகின்றன. இவற்றோடு அருகிலுள்ள வைஃபை கருவிகளின் அடையாள எண்களையும் செல்பேசிக் கோபுரங்களையும் கைப்பேசி பயன்படுத்துகிறது. வீட்டுக்குள் இருக்கும்போது இடத்தைச் சொல்வது பெரும்பாலும் வைஃபைதான்.

இடத்தை அறிவதற்கு இணையம் தேவையில்லை. அதைப் பிறருக்கு அனுப்பத்தான் இணையம் தேவை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதை போன்ற இடங்களில் சிக்னல் அறுந்துவிட்டால், நீங்கள் நகர்ந்துகொண்டே இருந்தாலும் உங்கள் வீட்டாரின் திரையில் புள்ளி ஒரே வளைவில் நின்றிருக்கும். அதைப் பார்த்துப் பதறுவதற்கு முன், அந்தப் புள்ளி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

சரியாகத்தான் அனுப்பினேன், ஏன் பக்கத்துத் தெருவைக் காட்டுகிறது?

திறந்த வெளியில் கைப்பேசியின் பிழை வழக்கமாக 5 மீட்டர் அளவுக்குள் இருக்கும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் அலைகள் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கணக்கு பிசகுகிறது. வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரிந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நீங்கள் இருக்கலாம் என்று பொருள். வட்டம் பெரிதாக இருக்கும்போது அனுப்பாதீர்கள். மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வந்து, வட்டம் சுருங்கும் வரை சற்றுப் பொறுத்து அனுப்புங்கள். கொல்லைப்புறத்தில் நின்று அனுப்பினால் வண்டி பின்தெருவுக்குப் போய் நிற்கும். ஆகவே தெருவாசலில் நின்று அனுப்புவதே நல்லது.

முகவரி இருக்கும்போது இது எதற்கு?

முகவரி இருந்தும் வீடு கிடைக்காத அனுபவம் நம் ஊரில் புதிதன்று. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. புதிதாக மனை பிரித்த இடங்களில் எண்களே வரிசையாக இருப்பதில்லை. அதனால்தான் “பிள்ளையார் கோவிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே” என்று வழிசொல்லும் முறை நிலைத்திருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் டிஜிபின் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து-எண்கள் கொண்ட குறியீட்டை அது தருகிறது. ஆனாலும் லொகேஷனோடு ஓர் அடையாளத்தையும் எழுதி அனுப்புவதை நான் வலியுறுத்துவேன். நான்காவது மாடியா, தரைத்தளமா என்பதைப் புள்ளி சொல்லாது. வண்டி ஓட்டும்போது திரையைப் பார்க்க முடியாதவருக்கு “பச்சை கேட்” என்ற சொல்லே உதவும்.

தற்போதைய இருப்பிடம், நேரலை இருப்பிடம்: எதை எப்போது அனுப்ப வேண்டும்?

வருபவர் நம்மைத் தேடி வருகிறார் என்றால் தற்போதைய இருப்பிடமே போதும். அது ஓர் இடத்தின் குறிப்பு. நாம் அங்கிருந்து கிளம்பிய பிறகு நம்மைத் தொடராது. நாம் நகர்ந்துகொண்டிருக்கிறோம், மற்றவர் நம் வருகையை அறிய வேண்டும் என்றால் மட்டுமே நேரலை இருப்பிடம், அதாவது லைவ் லொகேஷன் தேவை. வாட்ஸ்அப்பில் இதற்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள் உள்ளன. பலர் கைபோன போக்கில் 8 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் பயணத்துக்கு 1 மணி நேரம் போதும். தேவைப்பட்டால் மீண்டும் ஒரு முறை அனுப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நேரலை முடிந்த பிறகும், பகிரத் தொடங்கிய இடத்தின் சிறு படம் அந்த உரையாடலிலேயே தங்கிவிடும். கூகுள் மேப்ஸில் “நான் நிறுத்தும் வரை” என்ற தேர்வும் உண்டு. அதைத் தொட்டுவிட்டு மறந்துபோனவர்கள் பல மாதங்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அது இருப்பிடத்தோடு உங்கள் கைப்பேசியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதையும் காட்டும்.

பள்ளி வேன் ஓட்டுநர் பெற்றோர் குழுவில் தினமும் லைவ் லொகேஷன் போடுவது சரியா?

பெற்றோரின் கவலை நியாயமானது. வேன் எங்கே வருகிறது என்று தெரிந்தால் குழந்தை சாலையோரத்தில் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போன ஆண்டு பள்ளி மாறிய குழந்தையின் பெற்றோர், விலகிச் சென்ற மாற்று ஓட்டுநர், யாருடையது என்றே தெரியாத எண்கள் எல்லாம் குழுவில் இருக்கக்கூடும். அவர்கள் அனைவருக்கும், சிறுபிள்ளைகள் ஏறியிறங்கும் இடமும் நேரமும் நாள்தோறும் தெரிகின்றன. பள்ளி நேரம் முடிந்த பின்னும் நேரலை நிற்காவிட்டால், அந்த ஓட்டுநரின் சொந்த வாழ்க்கையையும் குழுவே பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் ஒரு மனிதர் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், பள்ளிக்குச் சென்று திரும்பும் பயணத்தின்போது பாதுகாப்புக்காக மட்டும் இருப்பிடத்தை அறிவதற்கு விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கின் எல்லை பயணத்தோடு முடிகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. பெற்றோர் குழுவும் அதே எல்லையைப் பின்பற்றலாம்: பயணத்துக்கெனத் தனிக்குழு, ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்தல், காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்.

இரவில் ஆட்டோவிலோ கால்டாக்ஸியிலோ வரும்போது எதைப் பகிர்வது நல்லது?

வண்டியைச் செயலி வழியாக அழைத்திருந்தால், அந்தச் செயலியிலேயே உள்ள பயணப் பகிர்வைப் பயன்படுத்துங்கள். அதில் வண்டி எண்ணும் ஓட்டுநர் பெயரும் சேர்ந்தே செல்லும். பயணம் முடிந்ததும் பகிர்வும் முடிந்துவிடும். தெருவில் நிறுத்தி ஏறிய ஆட்டோவாக இருந்தால், வண்டி எண்ணை எழுதி லைவ் லொகேஷனோடு ஒருவருக்கு அனுப்புங்கள். அந்த ஒருவர் விழித்திருந்து பார்ப்பவராக இருக்க வேண்டும். உறங்கிவிட்டவருக்கு அனுப்பிய லொகேஷனால் பயனில்லை. ஆபத்து என்று தோன்றினால் உறவினரைவிட 112 என்ற எண்ணை முதலில் அழையுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலி, அவசரப் பொத்தானை அழுத்தியதும் உங்கள் இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும்.

வேலை செய்யும் நிறுவனம் எப்போதும் லொகேஷனை இயக்கி வைக்கச் சொல்கிறது. மறுக்கலாமா?

இது எளிய விடை இல்லாத கேள்வி. மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், கடன் தவணை வசூலிப்போர், உணவு கொண்டு செல்வோர் ஆகியோருக்கு இருப்பிடமே வருகைப்பதிவாகவும் ஊதியக் கணக்காகவும் மாறிவிட்டது. உணவு விநியோகத்தில் அது இல்லாமல் வேலையே நடவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்திலும், பணியிடத்தில் இருப்பிடக் குறிப்போடு நாளுக்கு இருமுறை படமெடுத்து வருகையைப் பதிவுசெய்யும் முறை 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லாத இடத்தில் மண் வெட்டியவரின் உழைப்பு, படம் ஏறவில்லை என்பதற்காகக் கணக்கில் வராமல் போகும் நிலை உண்டு. கருவி தவறினால் சுமை தொழிலாளி மீதே விழுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்தும் செய்தி.

மேலே சொன்ன 2023-ஆம் ஆண்டுச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும் ஊழியரின் தரவை ஒப்புதல் இன்றியே கையாள இடம் தருகிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிராமல், எழுத்தில் கேட்டுப் பெறுவதே வழி. கண்காணிப்பு எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, பதிவுகளை யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். முடிந்தால் அலுவலகத்துக்கென வேறொரு கைப்பேசியைக் கேளுங்கள். வேலை நேரம் முடிந்ததும் அனுமதியை நிறுத்துங்கள். கலிபோர்னியாவில், வேலை நேரத்துக்குப் பின்னும் தன்னைத் தொடர்ந்த செயலியை நீக்கியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டதாகக் கூறி ஒரு பெண் ஊழியர் 2015-இல் வழக்குத் தொடுத்தார். வேலை நேரத்துக்கு அப்பாலும் நீளும் கண்காணிப்பு, எந்த நாட்டிலும் எதிர்க்கத்தக்கதே.

நான் லொகேஷன் எதுவும் போடவில்லை. படம் மட்டும்தான் போட்டேன். அதிலிருந்து இடம் தெரியுமா?

தெரியலாம். கேமராவுக்கு இருப்பிட அனுமதி தந்திருந்தால், படக்கோப்புக்குள்ளேயே அது எடுக்கப்பட்ட இடம் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையாதிருக்க ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச்சேரும். மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி 2012-இல் தலைமறைவாக இருந்தபோது, ஓர் இதழ் வெளியிட்ட படத்துக்குள் இருந்த இக்குறிப்பே அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. குறிப்பை நீக்கினாலும் படத்தின் பின்னணியில் உள்ள கடைப்பலகை, பள்ளிச் சீருடை, பேருந்தின் வழித்தட எண் ஆகியவை அதே வேலையைச் செய்யும். ஊருக்குப் போயிருக்கும்போது படம் போடுவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

பெயரில்லாமல்தானே தகவலைச் சேகரிக்கிறார்கள். அதில் என்ன கெடுதி?

இரவில் ஓரிடம், பகலில் ஓரிடம் என்று இரண்டைச் சேர்த்தாலே வீடும் வேலையிடமும் தெரிந்துவிடும். அந்த இரண்டும் பொருந்துபவர்கள் ஊரில் எத்தனை பேர் இருக்க முடியும்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 15 இலட்சம் பேரின் கைப்பேசிப் பதிவுகளைப் பெயரின்றிப் பரிசோதித்தது. இடமும் நேரமும் சேர்ந்த நான்கே குறிப்புகள் இருந்தால், அவர்களில் 95 விழுக்காட்டினரைத் தனித்தனியே பிரித்தறிய முடியும் என்று அது காட்டியது.

தனியொருவரைப் பற்றியதாக இல்லாத வரைபடமும் தீங்கு செய்யக்கூடும். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம், தன் பயனர்கள் உலகெங்கும் ஓடிய தடங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. ஆயினும் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளில் இருண்ட நிலப்பரப்பின் நடுவே வீரர்கள் ஓடிய தடங்கள் படைத்தளங்களின் வடிவைக் காட்டுவதை, 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். உங்கள் நடைப்பயிற்சித் தடமும் வீட்டு வாசலில் தொடங்கி வீட்டு வாசலில்தான் முடிகிறது. ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி உண்டு, அதை இயக்கி வையுங்கள்.

மறைக்க ஒன்றுமில்லை என்றால் கணவன் மனைவிக்குள் எப்போதும் லொகேஷன் பகிர்வதில் தவறென்ன?

இருவரும் விரும்பி, இருவரும் எந்த நேரமும் நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தால் தவறில்லை. நிறுத்தியதும் “ஏன் நிறுத்தினாய்” என்ற விசாரணை வருமானால் அது கண்காணிப்பு. ஒருவர் இடத்தை எந்நேரமும் அறிவது பெரிய அதிகாரம் என்பதை நம் உச்ச நீதிமன்றமே ஏற்றுள்ளது. ஜாமீனில் வந்தவர் தன் இருப்பிடத்தைக் கூகுள் மேப்ஸ் வழியாக விசாரணை அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனியுரிமையை மீறுவதாகும் என்று 2024 ஜூலையில் அது தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த உரிமை உண்டென்றால் வீட்டில் உள்ள பெண்ணுக்கு இல்லாமல் போகுமா?

சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டவர்களுக்கும், வன்முறை நிறைந்த வீட்டிலிருந்து வெளியேறியவர்களுக்கும் இது உயிர் பற்றிய கேள்வி. வெளியேறும் முன், வீட்டார் அறிந்த கடவுச்சொல் உள்ள கூகுள் கணக்கைக் கைப்பேசியிலிருந்து நீக்க வேண்டும். மேப்ஸில் யாருக்குப் பகிரப்படுகிறது என்ற பட்டியலையும், வாட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில் உள்ள நேரலை இருப்பிடப் பட்டியலையும், இணைக்கப்பட்ட சாதனங்களையும் பார்க்க வேண்டும். ஐபோனில் 2022-இல் வந்த பாதுகாப்புச் சோதனை வசதி எல்லாப் பகிர்வையும் ஒரே இடத்தில் நிறுத்தும். பைக்குள் யாரேனும் போட்டுவைத்த, இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏர்டேக் போன்ற வில்லைகள் உடன் வந்தால், 2024 மே முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டும் எச்சரிக்கின்றன. ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி குற்றம். பெண்களுக்கான உதவி எண் 181; இணையவழிக் குற்றங்களுக்கு 1930.

வெள்ளக் காலத்தில் இவை உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, தன்னார்வலர்கள், எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது ஒரு வரைபடத்தை அமைத்து, நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறிக்கச் செய்தார்கள். தாம் நலமாக இருப்பதைத் தெரிவிக்கும் ஃபேஸ்புக் வசதியும் அப்போது சென்னைக்காக இயக்கப்பட்டது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது உதவி வேண்டுவோர் தம் இடத்தைப் பதிவதற்கென இணையதளமே அமைக்கப்பட்டது. இவற்றில் நேரும் பெருங்குறை ஒன்றே: மீட்கப்பட்ட பிறகும் பழைய வேண்டுகோள் சுற்றிக்கொண்டே இருக்கும், படகு வெறும் வீட்டுக்குச் சென்று திரும்பும். ஆகவே லொகேஷனோடு தேதி, நேரம், எத்தனை பேர், எந்த மாடி என்பதையும் எழுதுங்கள். மீண்டபின் “மீட்கப்பட்டோம்” என்று அதே இடத்தில் பதிவிடுங்கள். சார்ஜ் குறைவாக இருக்கும்போது நேரலை வேண்டாம்; ஒரு முறை அனுப்பும் குறிப்பே போதும்.

சிறு கடை வைத்திருப்பவருக்குப் பயன் உண்டா?

உண்டு, செலவும் இல்லை. கூகுளில் கடையின் இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிந்து, இடம் மாறினால் உடனே திருத்துங்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்யும் தையற்காரரோ சமையற்காரரோ வீட்டு முகவரியை மறைத்து, சேவை அளிக்கும் பகுதியை மட்டும் காட்ட முடியும்; பெண்கள் இதைத் தேர்ந்துகொள்வது நல்லது.

இதுவரை சேர்ந்துவிட்ட பழைய பதிவுகளை அழிக்க முடியுமா?

பெருமளவுக்கு முடியும். கூகுள் மேப்ஸில் டைம்லைன் என்ற பகுதிக்குச் சென்று, நாள்வாரியாகவோ மொத்தமாகவோ நீக்கலாம். 3 மாதத்துக்கு மேற்பட்டவை தானாக நீங்கும்படியும் அமைக்கலாம். ஆனால் அது ஒன்றே போதாது. டைம்லைனுக்கு முன்பிருந்த இருப்பிட வரலாற்றை நிறுத்திய பிறகும், “இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு” என்ற வேறோர் அமைப்பின் வழியே கூகுள் இருப்பிடத்தைச் சேகரித்தது. இது தொடர்பாக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்து அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. எனவே இரண்டு அமைப்புகளையும் பாருங்கள். பிறகு கைப்பேசியின் அமைப்புகளில் இருப்பிட அனுமதிப் பட்டியலைத் திறந்து, டார்ச், நாட்காட்டி, விளையாட்டு போன்றவற்றுக்கு அனுமதியை முழுவதும் நீக்குங்கள். வானிலைச் செயலிக்குத் தோராயமான இருப்பிடம் போதும். வரைபடத்துக்கும் வண்டி அழைக்கும் செயலிக்கும் “பயன்படுத்தும்போது மட்டும்” என்று வையுங்கள். புதிய செயலி ஒன்றை நிறுவிய அன்றே இந்தப் பட்டியலை மறுபடியும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.